இழந்தவரைத் தேடிவரும் இரண்டாம் வஞ்சகம்

“பட்ட காலிலே படும், கெட்ட குடியே கெடும்” என்பது தமிழர் நாவில் நெடுங்காலமாய் வழங்கிவரும் பழமொழி. துன்பம் ஒருமுறை வந்த இடத்திற்கே மீண்டும் வரும் என்னும் பட்டறிவை அது எடுத்துரைக்கிறது. கேட்போர் பெரும்பாலும் அதனை ஊழின்மேல் ஏற்றிவிட்டுப் பெருமூச்சோடு அமைதியடைவர். ஆயின், பட்ட காலைத் தேடிவந்து அடிப்பவன் ஒருவன் இருப்பானாயின்? கெட்ட குடி எது, அது இழந்தது எவ்வளவு, அதனிடம் இன்னும் எஞ்சியிருப்பது என்ன என்று குறிப்பெடுத்துக்கொண்டு வருபவன் ஒருவன் இருப்பானாயின்? அங்கே ஊழைப் பழித்தல் பொருந்தாது. அது மனிதன் வகுத்த சூழ்ச்சி. மனிதரால் அறியவும் தடுக்கவும் கூடிய சூழ்ச்சி.

மோசடிக்கு ஆளாகிப் பொருளிழந்தவரை அணுகி, “இழந்ததை மீட்டுத் தருகிறோம்” என்று ஆறுதல் கூறி, எஞ்சியதையும் பறித்துச் செல்லும் வஞ்சகத்தை மீட்பு மோசடி எனலாம். கைப்பேசியும் இணையமும் ஈன்ற புதுமையாகப் பலர் இதனைக் கருதுகின்றனர். வரலாற்றை நோக்குமிடத்து உண்மை வேறாக உள்ளது. கருவிகள் மாறியுள்ளனவேயன்றி, கையாளும் முறை மாறவில்லை. அம்முறையின் வரலாற்றை அறிந்துகொள்வது வெறும் அறிவுப் பெருக்கத்திற்காக அன்று. அடுத்த வீட்டாரின் சேமிப்பையும், சில வேளைகளில் உயிரையும் காப்பதற்காகவே ஆகும்.

செலாயாங்கில் ஒரு காட்சி

கோலாலம்பூரின் வடக்கெல்லையை ஒட்டி, பத்துமலைக்கு அணித்தாய், ரவாங் நோக்கிச் செல்லும் பெருஞ்சாலையில் அமைந்துள்ளது செலாயாங். ஈயச் சுரங்கங்களும் இரப்பர்த் தோட்டங்களும் சூழ்ந்திருந்த நிலப்பகுதி இது. 1974 ஆம் ஆண்டில் கோலாலம்பூர் கூட்டரசுப் பிரதேசமாகப் பிரிக்கப்பட்டபோது, சிலாங்கூரில் கோம்பாக் மாவட்டம் உருவாயிற்று. 1997 இல் செலாயாங் நகராண்மைக் கழகம் அமைந்தது. தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாற மாற, தோட்டத்து மக்களும் அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிபெயர்ந்தனர். ஊர் உறங்கும் நேரத்தில் விழித்தெழும் மொத்தச் சந்தை, பெரிய அரசு மருத்துவமனை, நீதிமன்றம் ஆகியவை இன்று அவ்வூரின் அடையாளங்கள்.

இத்தகைய ஊரில் வாழும் ஒரு பணியாளரை மனத்தில் நிறுத்திப் பார்க்கலாம். அவர் குறிப்பிட்ட ஒருவர் அல்லர், பலருடைய சாயல். முப்பது ஆண்டுகள் லாரி ஓட்டியவர். ஐம்பத்தைந்தாம் வயதில் ஊழியர் சேமநிதிப் பணம் கைக்கு வந்தது. நண்பர் ஒருவர் காட்டிய முதலீட்டுத் திட்டத்தில் அதன் பெரும்பகுதியைப் போட்டார். முதல் இரண்டு மாதங்கள் இலாபம் வந்தது; மூன்றாம் மாதம் திட்டமும் இல்லை, திட்டத்தை நடத்தியவரும் இல்லை. மனைவியிடம் அவர் முழுத்தொகையைச் சொல்லவில்லை. மகளின் திருமணத்திற்காக ஒதுக்கியதும் அதில் போயிற்று என்பதை எவ்வாறு சொல்வார்?

சில மாதங்கள் கழிந்தபின் ஒரு தொலைபேசி அழைப்பு வருகிறது. பணிவான குரல். அவருடைய பெயர், இழந்த தொகை, பணம் அனுப்பிய நாள், திட்டத்தின் பெயர் அனைத்தையும் அக்குரல் பிழையின்றிச் சொல்லுகிறது. “ஐயா, அந்தக் கும்பல் பிடிபட்டுவிட்டது. பணம் வெளிநாட்டு வங்கியொன்றில் முடக்கப்பட்டுள்ளது. உங்கள் பங்கும் அதில் உள்ளது. பதிவுக் கட்டணம் மட்டும் செலுத்திவிட்டால் போதும்” என்கிறது. முதலில் சில நூறு ரிங்கிட். பின்னர் வரி. பின்னர் வழக்கறிஞர் கட்டணம். பின்னர் வெளிநாட்டு நீதிமன்றத்தின் முத்திரைச் செலவு. ஒவ்வொரு தொகையும், இதுவே இறுதித்தொகை என்று கூறியே கேட்கப்படுகிறது.

இங்கே நுணுகி நோக்கத்தக்கது ஒன்றுண்டு. தம் இழப்பின் விவரமெல்லாம் அக்குரலுக்குத் தெரிந்திருப்பதையே அவர் அதிகாரத்தின் சான்றாகக் கொள்கிறார். அரசாங்க அலுவலராயின்றேல் இவ்வளவும் எவ்வாறு தெரியும் என்று எண்ணுகிறார். உண்மையில், அவ்விவரங்களை முழுமையாக அறிந்திருந்தவர்கள் இருவரே: பணத்தை இழந்தவர் ஒருவர், அதனைத் திருடியவர் மற்றொருவர். இழந்தவர் எவரிடமும் சொல்லவில்லை எனில், சொன்னவர் யார் என்பது வெள்ளிடைமலை.

பழைய மடலும் புதிய மீட்பரும்

முன்பணம் பெற்று ஏமாற்றும் கலை ஐரோப்பாவில் பழமையானது. செல்வர் ஒருவர் அயல்நாட்டுச் சிறையில் வாடுவதாகவும், அவரை மீட்கச் சிறுதொகை அனுப்பினால் புதையலில் பங்கு கிட்டும் எனவும் எழுதப்பட்ட மடல்கள், ஸ்பானியக் கைதி என்னும் பெயரால் பிற்காலத்தில் அறியப்பட்டன. சிறைக்கைதியாயிருந்து பின்னர்ப் பாரிஸ் நகரக் காவல்துறையின் துப்பறியும் பிரிவிற்குத் தலைவரான விடோக், 1828 இல் வெளிவரத் தொடங்கிய தம் நினைவுக்குறிப்புகளில், இத்தகைய மடல்களைச் சிறைக்குள்ளிருந்தே கைதிகள் எழுதிய வழக்கத்தை விவரித்துள்ளார். எருசலேம் மடல்கள் என்பது அவற்றுக்கு அங்கு வழங்கிய பெயர்.

இம்மடல்கள் புதியவரைக் குறிவைத்தன. ஏற்கெனவே ஏமாந்தவரே சிறந்த இரை என்பதற்குத் தெளிவான சான்றினை இருபதாம் நூற்றாண்டு அமெரிக்கா தருகிறது. 1596 இல் மறைந்த ஆங்கிலக் கடற்படைத் தலைவர் ஃபிரான்சிஸ் டிரேக்கின் பெருஞ்சொத்து வாரிசின்றிக் கிடப்பதாகவும், அதனை மீட்கும் வழக்கிற்குப் பணம் கொடுப்போர்க்குப் பன்மடங்கு திரும்பும் எனவும் கூறி, ஐயோவா முதலிய மாநிலங்களில் பணம் திரட்டிய கும்பல் ஒன்று இருந்தது. அதனிடம் 1915 ஆம் ஆண்டளவில் பல ஆயிரம் டாலரை இழந்தவருள் ஒரு மூதாட்டியும் உண்டு. அவருடைய மகன் ஆஸ்கார் ஹார்ட்ஸல் அக்கும்பலைத் தேடிச் சென்றார். அது மோசடி என்பதைக் கண்டறிந்தார். கண்டறிந்தபின் அவர் செய்ததுதான் வியப்பிற்குரியது. அம்மோசடியைத் தாமே கையில் எடுத்துக்கொண்டார். முன்னர் வந்தவர்கள் வஞ்சகர்கள். உண்மையான வாரிசைக் கண்டவன் தானே. வழக்கைத் தானே முடித்துத் தருவதாக அவர் அறிவித்தார்.

ஏமாந்தவர்கள் அவரை நம்பினர். பல்லாயிரவர் மீண்டும் பணம் அனுப்பினர். 1933 இல் இங்கிலாந்திலிருந்து அவர் நாடு கடத்தப்பட்டு, சூ சிட்டி நகரில் வழக்கு நடந்து, பத்தாண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். வழக்கு நடந்தபோதும் அவருடைய ஆதரவாளர்கள் பணம் திரட்டிக் கொடுத்தனர் என்பதே இவ்வரலாற்றின் நெஞ்சை உருக்கும் பகுதி. அவர் வஞ்சகர் என்று ஒப்புக்கொள்வது, தாம் கொடுத்த பொருள் அனைத்தும் போயிற்று என்று ஒப்புக்கொள்வதாகும். அதனைச் செய்ய அவர்களுக்கு மனம் துணியவில்லை. நம்பிக்கையைக் கைவிடுவதைக் காட்டிலும் இன்னும் சிறிது பணத்தைக் கொடுப்பது அவர்களுக்கு எளிதாயிருந்தது. மீட்பு மோசடியின் உயிர்நாடி இதுவேயாகும்.

நீதிமன்ற வாயிலில்

தமிழர்க்கு அணுக்கமான வரலாற்றிலும் இதன் உறவுமுறை ஒன்றைக் காணலாம். ஆங்கிலேயர் ஆட்சிக்கால இந்தியாவில், நீதிமன்ற வளாகங்களில் தரகர்கள் சுற்றித் திரிந்தனர். வழக்கும் வேதனையுமாக வரும் சிற்றூர்க் குடியானவரை வாயிலிலேயே மடக்கி, “உன் காரியத்தை முடித்துத் தருகிறேன்” என்று கூறி, வழக்கறிஞரிடம் கொண்டுசேர்த்துத் தரகு பெறுவது அவர்தம் தொழில். இவர்களின் தொல்லை எத்துணைப் பெரிதாயிருந்தது என்பதற்கு 1879 ஆம் ஆண்டின் சட்டத்தொழிலர் சட்டமே சான்று. அச்சட்டத்தின் 36 ஆம் பிரிவு, தரகர்களின் பெயர்ப்பட்டியலைத் தொகுத்து நீதிமன்றத்தில் தொங்கவிடவும், அவர்களை வளாகத்திலிருந்து விலக்கி வைக்கவும் நீதிபதிகளுக்கு அதிகாரம் அளித்தது.

அன்று நீதிமன்றம் தரகர்களின் பட்டியலைத் தொகுத்து ஏழைகளைக் காத்தது. இன்றோ தரகர்கள் ஏழைகளின் பட்டியலைத் தொகுக்கின்றனர். காலத்தின் தலைகீழ் மாற்றம் இது.

மலேசியாவில் 1976 ஆம் ஆண்டின் சட்டத்தொழில் சட்டம், தகுதிச் சான்றிதழ் பெறாதவர் வழக்கறிஞராய்ச் செயற்படுவதைத் தடுக்கிறது. வழக்கில் வென்றால் மட்டுமே கட்டணம் என்னும் ஒப்பந்தத்திற்கும் அதன் 112 ஆம் பிரிவு இடந்தருவதில்லை. ஆதலின், “மீட்டுத் தந்தால் நூற்றுக்கு இவ்வளவு” என்று பங்கு பேசும் குரல் வழக்கறிஞர் ஒருவருடையதாயின், அங்கேயே ஐயம் எழுதல் வேண்டும். மலேசிய வழக்கறிஞர் மன்றத்தின் பெயர்ப்பட்டியலில் எவரும் ஒரு வழக்கறிஞரின் பெயரைத் தேடிச் சரிபார்க்கலாம். பெயர் பட்டியலில் இருந்தால் மட்டும் போதாது. பட்டியலில் உள்ள அலுவலக எண்ணுக்குத் தாமே அழைத்துப் பேசுதல் வேண்டும். உண்மையான வழக்கறிஞரின் பெயரைத் திருடிக்கொள்வதும் இவ்வஞ்சகர் வழக்கமே.

பெயர்ப்பட்டியலின் விலை

தொலைபேசி வழி வணிகம் பெருகிய அமெரிக்காவில் இம்மோசடி ஒரு தொழிலாகவே வளர்ந்தது. பரிசு, முதலீடு, அறக்கொடை என்று பொய் கூறி முதியோரிடம் பணம் பறித்த கும்பல்கள், ஏமாந்தவர் பெயர்களைப் பட்டியலாக்கி ஒன்றுக்கொன்று விற்றுக்கொண்டன. பெயர், முகவரி, இழந்த தொகை, எவ்வகைப் பேச்சிற்கு இணங்கினார் என்னும் குறிப்பு யாவும் அதில் இருந்தன. அப்பட்டியலை வாங்கியவர்கள் அடுத்து இழப்பை மீட்டுத் தருவோராய் வேடம் பூண்டனர். சில வேளைகளில் முதலில் திருடியவரும் பின்னர் மீட்க வந்தவரும் ஒருவரேயாயிருந்தனர்.

இதனைக் கண்ட அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம், 1995 இல் வகுத்த தொலைபேசி விற்பனை விதியில் தெளிவான தடையொன்றை ஏற்படுத்தியது. தொலைபேசி வணிகத்தில் ஏமாந்தவர் இழந்த பணத்தை மீட்டுத் தருவதாகக் கூறுவோர், மீட்ட பணம் அவர் கையில் சேர்ந்து ஏழு அலுவல் நாட்கள் கழியும்வரை கட்டணம் கேட்கவோ பெறவோ கூடாது என்பதே அது. எளிய விதிதான்; ஆயினும் அதனுள் நூறாண்டு அனுபவம் பொதிந்துள்ளது. முதலில் பணம் கேட்பவன் மீட்பவன் அல்லன் என்பதே அதன் சாரம்.

இணையம் வந்தபின் வேடங்கள் பெருகின. நைஜீரியாவின் பொருளாதார, நிதிக் குற்றத் தடுப்பு ஆணையம், ஐக்கிய நாட்டு நிறுவனம், அமெரிக்கக் கூட்டாட்சிப் புலனாய்வுத் துறை ஆகியவற்றின் பெயராலேயே, “மோசடியில் பாதிக்கப்பட்டோர்க்கு இழப்பீடு” என்னும் போலி மடல்கள் உலவின. எண்வழி நாணய மோசடியில் இழந்தவர்களைப் போலிச் சட்ட நிறுவனங்கள் குறிவைத்ததில், 2023 பிப்ரவரி தொடங்கி ஓராண்டுக் காலத்தில் மட்டும் 99 இலட்சம் டாலருக்கு மேல் மீண்டும் இழக்கப்பட்டதாக அப்புலனாய்வுத் துறை 2024 இல் அறிவித்தது. 2025 இல் அதே துறை வெளியிட்ட மற்றோர் எச்சரிக்கை இன்னும் கசப்பானது: இணையக் குற்றங்களைப் பற்றிப் பொதுமக்கள் முறையிடுவதற்காக அது நடத்திவரும் மையத்தின் அலுவலர்களாகவே வேடமிட்டுச் சிலர் ஏமாற்றுவதாக நூற்றுக்கு மேற்பட்ட முறையீடுகள் வந்திருந்தன. தஞ்சம் புகும் வாயிலிலேயே வஞ்சகன் காவலனாய் நிற்கிறான் என்றால், ஏமாந்தவரின் நிலையைச் சொல்லவும் வேண்டுமோ?

மலேசிய மண்ணில்

மலேசியத் தமிழரின் பொருளியல் வாழ்வு நம்பிக்கையின்மேல் எழுந்தது. தோட்டத்து வரிசை வீடுகளில் கூட்டு பிடித்தவர்கள் பத்திரம் எழுதிக்கொள்ளவில்லை. முகத்தைப் பார்த்தே பணம் கொடுத்தனர். 1950 களிலும் 60 களிலும் தோட்டங்கள் துண்டாடப்பட்டுத் தொழிலாளர் நிலைகுலைந்தபோது, துன் வீ.தி. சம்பந்தன் தோட்டந்தோறும் சென்று, பத்துப் பத்து வெள்ளியாய்ப் பங்குப்பணம் திரட்டித் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை 1960 இல் உருவாக்கினார். எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் அதில் உறுப்பினராயினர். முகமறிந்த நம்பிக்கை ஒரு சமுதாயத்திற்கு என்ன செய்துதர இயலும் என்பதற்கு அது நற்சான்று.

அந்நம்பிக்கையே தவறானவர் கையில் சிக்கியதும் உண்டு. 1971 இல் நாடாளுமன்றம் கூட்டு நிதித் தடைச் சட்டத்தை இயற்றியது. தமிழரின் ‘கூட்டு’ என்னும் சொல்லை நினைவூட்டும் பெயரே அச்சட்டத்தின் தலைப்பில் நிற்கிறது. பின்னர்ப் பேராக் மாநிலத்துத் தைப்பிங் வட்டாரத்தில் பாக் மான் தெலோ எனப் பெயர்பெற்ற திட்டத்தில் ஆயிரக்கணக்கானோர் பணம் போட்டு இழந்தனர். 1993 இல் நேரடி விற்பனைச் சட்டம் வந்தது.

இவையனைத்தினும் பெரிய அதிர்ச்சி 1986 இல் நேர்ந்தது. பொதுமக்களிடம் வைப்புத்தொகை பெற்றுவந்த 24 கூட்டுறவுச் சங்கங்களின் நடவடிக்கைகள் அவ்வாண்டு ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் முடக்கப்பட்டன. ஏறத்தாழ 588,000 வைப்பாளர்களின் 150 கோடி ரிங்கிட்டுக்கு மேற்பட்ட பணம் அவற்றுள் சிக்கியிருந்தது. சிறுவணிகரும் தொழிலாளரும் இல்லத்தரசியரும் சங்க அலுவலகங்களின் முன் திரண்டு நின்றனர். அரசாங்கம் வெள்ளை அறிக்கை வெளியிட்டது. பேங்க் நெகாரா பொறுப்பேற்றுச் சங்கங்களை ஆராய்ந்தது. வைப்பாளர்க்கு உரியதைத் திருப்பும் திட்டங்கள் படிப்படியாய் நடைபெற்றன. காலம் பிடித்தது, முறைப்பாடுகளும் எழுந்தன. ஆயினும், அரசின் மீட்பு எவ்வாறு நடைபெறும் என்பதை ஒரு தலைமுறை கண்ணாரக் கண்டது. அது அறிவிப்புகள் வழியாக, கணக்காய்வு வழியாக, மெல்ல நடந்தது. நள்ளிரவுத் தொலைபேசி அழைப்பின் வழியாக நடக்கவில்லை.

அதற்கு இருபதாண்டுகள் கழித்துச் சுவிஸ்கேஷ் என்னும் இணைய முதலீட்டுத் திட்டத்தில் மலேசியர் பலர் சிக்கினர். பங்குப் பத்திர ஆணையம் 2007 இல் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்து, மீட்ட பணத்தைப் பின்னர் முதலீட்டாளர்க்குப் பகிர்ந்தளித்தது. இதற்கு மாறான போக்கினை 2017 இல் காண முடிந்தது. பேங்க் நெகாராவின் எச்சரிக்கைப் பட்டியலில் இடம்பெற்றிருந்த ஜேஜேபிடிஆர் திட்டம், கணக்குகளுள் ஊடுருவிய களவரால் பணம் போயிற்று என்று அவ்வாண்டு ஏப்ரலில் அறிவித்தது. அதன்பின் இழப்பைச் சரிக்கட்டுவதாய் வாக்குறுதிகள் எழுந்தன. வேறு பெயரில் புதிய திட்டமும் பேசப்பட்டது. இழந்ததைப் பெறவேண்டுமெனில் விலகாதே, தொடர்ந்து உடனிரு என்னும் இக்குரல் ஹார்ட்ஸலின் காலத்திலிருந்தே கேட்டுவரும் குரலன்றோ?

இன்று நிலைமை மேலும் விரிந்துள்ளது. 2024 ஆம் ஆண்டில் மட்டும் இணையவழி மோசடிகளில் மலேசியர் இழந்தது 150 கோடி ரிங்கிட்டுக்கு மேல் என்பது காவல்துறைக் கணக்கு. 1986 இல் 24 சங்கங்களில் முடங்கிய தொகைக்கு ஒப்பான எண் இது. பண மதிப்பு இடைக்காலத்தில் மாறியிருப்பினும், அன்று நாட்டையே உலுக்கிய பேரிடர் இன்று ஓராண்டுக் கணக்காய் அமைதியாக நடந்தேறுகிறது. அன்று இழந்தவர்கள் அலுவலக வாயிலில் ஒன்றுகூடி நின்றனர். ஒருவர் முகத்தை மற்றொருவர் கண்டனர். இன்று இழப்பவர் தம் அறையில் தனித்திருந்து இழக்கிறார். அத்தனிமையே இரண்டாம் வஞ்சகனுக்குத் திறந்த கதவு. முகநூல் விளம்பரங்களில் போலிச் சட்ட நிறுவனங்கள் அக்கதவின் வழியே நுழைவதை மலேசியக் காவல்துறையும் வழக்கறிஞர் மன்றமும் எச்சரித்து வருகின்றன.

மெய்ம்மீட்பும் பொய்ம்மீட்பும்

இரண்டையும் அருகருகே வைத்துக் காண்பதற்கு நியூயார்க்கின் பெர்னார்டு மாடோஃப் வழக்கு துணைசெய்கிறது. 2008 டிசம்பரில் அவர் கைதானபோது உலகெங்கும் பல்லாயிரவர் தம் முதலீட்டை இழந்திருந்தனர். நீதிமன்றம் அமர்த்திய பொறுப்பாளர் பல ஆண்டுகள் வழக்காடி 1,400 கோடி டாலருக்கு மேல் மீட்டார். அமெரிக்க நீதித்துறையின் தனி நிதியமோ, 40,000 க்கு மேற்பட்டோர்க்கு 430 கோடி டாலர் அளவில் வழங்கி, 2024 டிசம்பரில் தன் இறுதிப் பங்கீட்டைச் செய்தது. கைதுக்கும் இறுதிப் பங்கீட்டுக்கும் இடையே பதினாறு ஆண்டுகள். பாதிக்கப்பட்டோர் எவரும் தம் பங்கைப் பெற முன்பணம் கட்டவில்லை.

இதே காலத்தில், முதலீட்டாளர் காப்பு நிறுவனத்தின் பெயரைப் போன்ற பெயரொன்றைச் சூட்டிக்கொண்டு ஒரு போலி அமைப்பு இணையத்தில் தோன்றியது. மாடோஃப் மறைத்த பணத்தில் ஒரு பகுதி மலேசியாவில் கண்டெடுக்கப்பட்டதாகவும், அதில் பங்கு பெற விவரங்களை அனுப்புமாறும் அது கேட்டது. உண்மையான நிறுவனம் அதனை மறுத்துப் பொதுமக்களை எச்சரித்தது. செலாயாங்கில் இருப்பவருக்குப் பணம் ஐரோப்பாவில் முடங்கியுள்ளதாய்ச் சொல்லப்படுகிறது. அமெரிக்காவில் இருப்பவருக்கு மலேசியாவில் முடங்கியுள்ளதாய்ச் சொல்லப்படுகிறது. எட்டாத தொலைவே பொய்க்குப் புகலிடம்.

மெய்ம்மீட்பு மெதுவாக வரும். முழுமையாக வரும் என்று உறுதி கூறாது. தானாக அழைத்துக் கட்டணம் கேட்காது. பொய்ம்மீட்போ விரைவாக வரும், முழுத்தொகையையும் உறுதியளிக்கும், இரகசியம் காக்கச் சொல்லும், கட்டணத்தைத் தனிநபர் கணக்கிற்கு அனுப்பச் சொல்லும். இவ்வேறுபாட்டை உணர்ந்தவர்க்கு வேறு இலக்கணம் தேவையில்லை.

பேராசையா, நீதி வேட்கையா?

ஏமாந்தவரைப் பற்றிச் சமுதாயம் வழங்கும் தீர்ப்பு பெரும்பாலும் ஒன்றே: பேராசை பெருநட்டம். முதல் மோசடியில் அது ஒருவாறு பொருந்தினும் பொருந்தலாம். இரண்டாம் மோசடியில் அத்தீர்ப்பு அறவே பொருந்தாது. இரண்டாம் முறை பணம் கொடுப்பவர் பிறர் பொருளை விரும்பவில்லை; தம்முடையதைத் திரும்பப் பெறவே விரும்புகிறார். திருடியவன் பிடிபட வேண்டும் என்றும் விரும்புகிறார். இது ஆசையன்று, நீதி வேட்கை. மனிதரின் நல்லுணர்வையே தூண்டிலாக்குவதால்தான் மீட்பு மோசடி மற்ற மோசடிகளினும் கொடியதாகிறது.

தீர்ப்பின் கடுமையால் விளைவது மற்றொன்றும் உண்டு. பேராசைக்காரர் என்னும் பெயருக்கு அஞ்சி இழந்தவர் வாய்மூடுகிறார். குடும்பத்தாரிடம் சொல்லாதவர் காவல் நிலையத்திற்கும் செல்வதில்லை. வெளியில் ஒருவரும் ஆறுதல் கூறாத நிலையில், ஆறுதல் கூறி வரும் ஒரே குரல் வஞ்சகனுடையதாய் அமைந்துவிடுகிறது. சுற்றத்தாரின் ஏளனத்திற்கும் வஞ்சகனின் பணிவுக்கும் இடையே சிக்கியவர், பணிவையே நாடுவதில் வியப்பென்ன? இழந்தவரைப் பழிக்கும் ஒவ்வொரு சொல்லும் இரண்டாம் திருடனுக்கு வழிகாட்டும் விளக்காகிறது.

ஆசிரியர் கடன்

இச்சூழலில் தமிழாசிரியரும் மாணவரும் ஆற்றத்தக்க பணி சிறிதன்று. முதியோர் பலர் அரசாங்க மடலையும் வங்கிக் குறுஞ்செய்தியையும் படித்துக்காட்டுமாறு பேரப்பிள்ளைகளிடமே கொடுக்கின்றனர். அவ்வகையில் மாணவரே வீட்டின் எழுத்தர்; வீட்டின் வாயிற்காவலரும் அவரே. மடலில் உள்ள பெயர் உண்மையா, எண் உண்மையா, முன்பணம் கேட்கப்பட்டுள்ளதா என்று பார்க்கும் பழக்கத்தை வகுப்பறையில் கற்பிக்கலாம். பணம் பறிபோனது தெரிந்தவுடன் தாமதமின்றி அழைப்பதற்கு, 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட தேசிய மோசடி எதிர்வினை மையத்தின் 997 என்னும் எண் உண்டு. அதன்பின் காவல் நிலையத்தில் புகார் அளித்தல் வேண்டும். இவற்றுக்குக் கட்டணம் இல்லை. முதல் சில மணி நேரத்தில் அழைத்தால் பணம் பிற கணக்குகளுக்குச் சிதறுமுன் தடுக்க வாய்ப்புண்டு. காலம் கடந்தபின்னும் புகார் பயனற்றதாகாது. அது வழக்கிற்குச் சான்றாகும். ஏமாந்தவர்க்குப் பேசும் துணிவைத் தரும். பிறர்க்குத் தம் வங்கிக் கணக்கை இரவல் கொடுப்பதும் குற்றம் என்பதை, 2024 இல் திருத்தப்பட்ட குற்றவியல் சட்டத்தைக் காட்டி இளையோர்க்கு உணர்த்துதலும் கடனே.

இவற்றினும் மேலான பாடம் ஒன்றுண்டு. வீட்டில் எவரேனும் பணத்தை இழந்துவிட்டால், “எப்படி ஏமாந்தீர்கள்?” என்று கேட்குமுன், “இப்பொழுது யாரேனும் உங்களை அழைக்கிறார்களா?” என்று கேட்கக் கற்றுக்கொள்ள வேண்டும். முதற்கேள்வி அவரை மௌனத்திற்குள் தள்ளும். இரண்டாம் கேள்வி அவர் அருகில் துணையாய் அமரும்.

செலாயாங்கின் அடுக்குமாடி வீட்டில் அந்த முதியவரின் தொலைபேசி மீண்டும் ஒலிக்கலாம். மறுமுனையில் பேசுபவனுக்கு அவருடைய பெயரும் இழப்பும் தெரிந்திருக்கும். அவ்வேளையில், அவர் இழந்ததைப் பழிக்காது கேட்டறிந்த மனைவியோ மகளோ பேரனோ அவர் அருகில் இருப்பாராயின், அந்தக் குரலுக்கு அங்கே வேலை இராது. பட்ட காலில் மீண்டும் படாமல் காப்பது சுற்றத்தாரின் கைகளிலேயே உள்ளது.